ரோஜா விதையும் சவுரிராயன் இருமலும்

"மாத்திரைய முழுங்குனியா, இல்ல வாயில ஒதுக்கி வச்சிக்கினியா தாத்தா? எங்க, வாயத் தொற."

சவுரிராயன் சமர்த்தாக வாயைத் திறந்து காட்டினார். எதிர்வீட்டு அன்புச்செல்வி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சித் தூக்கைத் திறந்தாள். பெற்ற மகள் போனில் விசாரிப்பதோடு சரி. இவளோ மழை விட்டதிலிருந்து, அவர் இருமினால் போதும், ஓடி வந்துவிடுகிறாள். போன மாதம் மூச்சு முட்டியபோது, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடியதும் இவள்தான்.

அவருக்கு மட்டுமா? திண்டிவனத்தில் அந்த நாலு தெருக் கிழங்கட்டைகள் அத்தனைக்கும் அவள்தான் காவல். சர்க்கரை ஏறிக் கிடந்த கோவிந்தம்மாளுக்குக் கேப்பைக் கூழ். யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாதென்று திருவக்கரை வக்கிரகாளிக்கு வேண்டுதல். பத்தாததற்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி. இப்படியும் ஒரு மனசா என்று சவுரிராயனுக்குக் கண் கலங்கும்.

அவளுக்கும் ஒரு கவலை உண்டு. வேலை பார்க்கும் நர்சரியில் இரண்டு ரோஜாவை மகரந்தம் சேர்த்து, புது நிறம் வருமென்று விதை எடுத்திருந்தாள். வருஷா வருஷம் போட்டதுதான் மிச்சம், ஒன்றும் முளைக்கவில்லை. ரோஜா விதை சரியான தூங்குமூஞ்சி. ஈர மணலில் கலந்து மாதக்கணக்கில் விடாமல் குளிரில் வைத்தால்தான் கண் விழிக்கும். நடுவில் வெளியே எடுத்தால் போச்சு. வீட்டிலோ ஃப்ரிட்ஜ் கிடையாது. எங்கேயோ ஓரிடம் பிடித்து வைத்திருப்பதாக மட்டும் சொல்வாள். விதை முளைத்தால் நர்சரி நிழல்வலைப் பந்தலில் பாதி இடம் அவளுக்கு என்று முதலாளி சித்தார்த்தன் எல்லார் முன்னாலும் கேலி பேசியிருந்தார்.

அவள் புருஷன் ராஜ்குமாருக்குப் பந்தல், நாற்காலி என்று வாடகைக்கு விடும் கடை. கொஞ்ச நாளாகவே ஏவாரம் படுத்துவிட்டதென்று ஒரே புலம்பல்.

ஒரு நாள் காலை அவள் வாசலில் கூட்டம். சவுரிராயனும் தடியூன்றிப் போய்ப் பார்த்தார். டப்பா மணல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. ஜெயித்துவிட்டாள்! அவருக்கே முளைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

சித்தார்த்தன் குனிந்து குனிந்து பார்த்தார். "பாதி என்னாத்துக்கு, நெழல்வலைய முழுசா எடுத்துக்கோ. ஃப்ரிட்ஜே இல்லாம எங்கம்மா வச்சிருந்த?"

அன்புச்செல்வி தலை நிமிர்ந்து சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு கடையிலதாங்க. சாவு ஊட்டுக்கு வாடகைக்கு வுடுவாரே, ஃப்ரீசர் பெட்டி, அதுல. இந்த நாலு தெருவுல ஒருத்தர் போயிருந்தாலும் பெட்டி கெளம்பியிருக்கும், என் வெதையும் வீணாப் போயிருக்கும்."

சவுரிராயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே இருமலும்.

அன்புச்செல்வி பாய்ந்து வந்து அவர் முதுகைத் தடவினாள். "பாத்து தாத்தா, இன்னொரு டப்பா இன்னும் பெட்டிக்குள்ளதான் கெடக்குது."