மூலையில் மொய்த்த துளைகள்

“யோவ், நீ வரைஞ்சு அனுப்பினது போர்டா, கொசுவலையா? ஓட்டையெல்லாம் ஒரே மூலையில ஈ மொய்ச்ச மாதிரி கிடக்கு.”

மத்தியானச் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு, மொத்த அலுவலகமும் மடக்குக் கட்டிலில் படுத்திருந்த நேரம். சீனாவின் ஷென்செனில் இந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. லூ அக்கா மட்டும் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச்ல வரைஞ்சுட்டு மில்லிமீட்டர்னு எழுதி அனுப்பினா, மிஷின் என்ன ஜோசியமா பார்க்கும்? சரி, ஓரத்துல இருக்கிற பெரிய ஓட்டை எதுக்கு? ஸ்க்ரூ மாட்டவா, உன் மூக்கை மாட்டவா? வாயைத் திறந்து சொல்லுய்யா.”

போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். ஹுனான்காரி. மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத ஊர். தின்ற காரம் பூராவும் இவளுக்கு நாக்கிலேயே தங்கிவிட்டது.

எங்கள் பிரிவுக்கு வேலை ஒன்றுதான். சர்க்யூட் போர்டு கேட்பவர்கள் அனுப்பும் வரைபடக் கோப்பை ‘கேம்’ (CAM) என்கிற தயாரிப்பு மென்பொருளில் போட்டு, எங்கே, எந்த அளவில் துளை போட வேண்டும் என்று டிரில்லிங் மிஷினுக்குப் புரிகிற நிரலாக எடுத்துக் கொடுப்பது. கோப்பில் தப்பு இருந்தால் கை வைக்கக்கூடாது. வாடிக்கையாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஒழுங்கான பதில் வரும்வரை ஆர்டர் தூங்கும்.

எழுதுவதில் எங்களோடு வேலை பார்க்கும் வென்ஜிங்கை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் மேலான கோப்பில் சிறு ஐயம் எழுந்துள்ளது” என்று ஆரம்பித்து, “தங்கள் சேவையில் என்றும் மகிழ்வுடன்” என்று முடிப்பாள். கீழே ஒரு ரோஜாப்பூப் படம் வேறு. சிறந்த ஊழியருக்கு மாதாமாதம் வைக்கும் சிவப்புக் கொடி அவள் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை.

லூ அக்கா மேசையில் இருப்பது மிளகாய் ஊறுகாய் பாட்டில்.

கண் விழித்ததும் மேனேஜர் ஹாவிடம் போய் எல்லோருமாகச் சொன்னோம். தூக்கம் கெட்டவர்களுக்கு வந்த ஒற்றுமையைப் பார்க்க வேண்டுமே.

“ஏம்மா, அது போனா ஒலிபெருக்கியா?” என்று லூ அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார் ஹாவ். “வென்ஜிங் மாதிரி அழகா நாலு வரி எழுதினா என்ன?”

“எழுதினா பதில் எப்போ வரும் சார்?”

“எப்போ வந்தா உனக்கென்ன? ஆர்டரை நிறுத்தி வெச்சுட்டா உன் கடமை முடிஞ்சுது. இன்னொரு தடவை புகார் வரட்டும், கீழ டிரில்லிங் ரூம்ல போர்டுத் தகடு தூக்கப் போயிடுவே.”

லூ அக்கா தன் மேசைக்குத் திரும்பினாள். அவளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. கீழே பறக்கிற தூசியில் நின்றால் ஒரு மாதம் தாங்கமாட்டாள். வேலையை விட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அடுத்த வாரமே வரவேற்பறைப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“சார், ஃபோஷன்லேருந்து பாங்னு ஒருத்தர் வந்திருக்கார். மீன் குளத்துக்குக் காத்து அடிக்கிற மிஷின் செய்றவராம். போன வாரம் மத்தியானம் போன் பண்ணித் திட்டின பொம்பளை யாரு, அவங்களைப் பார்க்கணும்னு நிக்கிறார்.”

ஹாவ் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

“வேலையை விட்டுட்டு நேர்லயே வந்துட்டார் பாருங்க. எப்படிப் பேசியிருந்தா ஒரு மனுஷன் இப்படி வருவான்? கூட்டிட்டு வா. எல்லாரும் பார்க்கட்டும்.”

பாங் வந்தார். வெயிலில் கறுத்த முகம், ரப்பர் செருப்பு, கக்கத்தில் ஒரு பை. வென்ஜிங் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அறையில் அன்று சிந்திய மரியாதையைத் துடைக்கத் துணி போதாது.

“மன்னிப்புக் கேளு” என்றார் ஹாவ்.

லூ அக்கா எழுந்து நின்றாள். அந்த நாக்கு தடுமாறி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தப்புதாங்க. எனக்குப் பேச்சு கொஞ்சம் முரடு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“கொஞ்சமா?” என்றார் ஹாவ். “பாங் சார், நீங்க கவலையே படாதீங்க. நாளையிலேருந்து இவ இந்த சீட்ல இருக்கமாட்டா. இனிமே உங்க வேலையெல்லாம் வென்ஜிங்தான் பார்ப்பா. எங்க கம்பெனியிலயே ரொம்பப் பணிவான பொண்ணு.”

வென்ஜிங் குனிந்து வணங்கினாள்.

பாங் தேநீரைக் குடிக்காமலே மேசைமேல் வைத்தார். “என்ன சார் இது? நான் எங்கே புகார் சொன்னேன்? குளத்துல மீன் செத்து மிதக்குது, போர்டு எங்கேன்னு ஊர்க்காரங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. உங்க ஆபீஸ்ல என்னடான்னா, ‘மதிப்பிற்குரிய’ன்னு போட்டுப் போட்டு மூணு தடவை அதே கோப்பைத் திருப்பி அனுப்பினாங்க. தப்பு எங்கேன்னு எனக்குப் புரியவே இல்ல. நாலாவது தடவை இந்தம்மா கையில கிடைச்சிருக்கு. திட்டிக்கிட்டே ஒவ்வொண்ணாக் கேட்டு, திட்டி முடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் தானே சரி பண்ணி, அன்னிக்கே மிஷின்ல ஏத்திட்டாங்க.”

பாங் பைக்குள் கைவிட்டு ஒரு பென் டிரைவை எடுத்தார். அதை லூ அக்காவின் கையில் வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

“இது அடுத்த போர்டு. இதுலயும் தப்பு இருக்கும், இந்தம்மா எவ்வளவு வேணா திட்டட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பணிவான பொண்ணுகிட்ட மட்டும் குடுத்துடாதீங்க.”