மேஜையோரத்துப் பலகை

காலை வெயில் கூடத்து மரத்தரையில் நீளமாகப் படுத்திருக்கிறது. கணவர் மண்டியிட்டு, கிறீச்சிடும் பலகைகளின் இடுக்கில் சத்தம் அடங்க முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கடைசி ஸ்க்ரூவையும் முடுக்குகிறார். தரையே குளித்துவிட்டு வந்ததுபோல் மணக்கிறது. "இப்ப நடந்து பாரேன், பூனை போற மாதிரி இருக்கும்." பார்வை மங்கிக்கொண்டே வரும் மனைவி தேநீர்க் கோப்பையோடு வருகிறாள். ஒரு சத்தமும் இல்லை. நடுக்கூடத்தில் நின்றுவிடுகிறாள், அவளுடைய இடது கை காற்றில் துழாவுகிறது. "மேஜைகிட்ட ஒரு பலகை கத்துமே, அத வச்சுத்தாங்க திரும்புவேன்." "முதல்லயே சொல்றதுக்கென்ன?" "ரெண்டு நாளா முட்டி தேய ஆசையா செஞ்சீங்க, எப்படிச் சொல்றது?" அவர் மேஜையோரத்துப் பலகையில் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, காலால் அழுத்துகிறார். கிறீச். அவள் சட்டெனத் திரும்பி நடந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பையை மேஜைமேல் வைக்கிறாள்.