பெனால்டிக்குப் பக்கம் சொல்கிறவள்

எங்கள் பேட்டை அணிக்கு எதிராகப் பெனால்டி என்றால், எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று கேலரியில் இருந்து அம்மாதான் கத்துவாள். உதைக்கிறவனின் இடுப்பைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். கோல்கீப்பர் எட்வின் எங்கள் எதிர்வீட்டுக்காரன். அந்தக் குரலை நம்பியே பாய்வான்.

சீசன் டிக்கெட்டோடு ரசிகர்களின் குரல் உரிமையையும் எங்கள் அணியின் கிளப் எழுதி வாங்கிக்கொண்டது. அரையிறுதிக்கு முந்தின வாரம் அம்மாவின் குரலை எதிரணிக்கு விற்றுவிட்டது.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பெனால்டி. "பீச்சாங்கை பக்கம்டா எட்வினு!" என்று அம்மா கத்தினாள். அதே நொடியில் எதிரணியின் ஸ்பீக்கர்களில் அவள் குரலே, பத்து மடங்கு சத்தமாக, "சோத்தாங்கை பக்கம்டா!" என்றது. எட்வின் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கம் போனது.

"கையெழுத்துப் போட்டீங்களேம்மா" என்று கிளப் மேனேஜர் சிரித்தான்.

"தொண்டை என்னுதுடா, பொறுக்கி!" என்றாள் அம்மா.

எட்வினே வந்து சொல்லிவிட்டான்: "இனிமே கத்தாத அத்த. எது நீன்னு எனக்குத் தெரியல."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வகுப்பில் வாய் திறக்கப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேலரியிலும் ஒருநாள்கூடக் கத்தியதில்லை. அவர்களிடம் என் குரல் இல்லை.

இரண்டாம் ஆட்டத்திலும் பெனால்டி வந்தது. அம்மா என் இடக்கையை அழுத்திக் கிள்ளினாள். நான் எழுந்து நின்றேன்.

"பீச்சாங்கை பக்கம், எட்வினண்ணா!"