கேப்சூல் நின்ற இடம்

இரண்டு வருடமாக ரோஸ்லின் சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பல நாள் வாந்தி. வாயுத் தொல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தத் தூத்துக்குடி வீட்டில் சமையல் அவள் கணவன் அமலனுடையது. தன் சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, அவன் அடுப்படியிலேயே தனியாகச் சாப்பிடப் பழகியிருந்தான்.

அன்று காலை அவள் விழுங்கிய, ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய சோதனைக் கேப்சூல் வயிற்றுக்குள் ஊர்ந்துபோய், இரைப்பையைத் தாண்டியதும் நின்றது. சிறு துணுக்குகளாகச் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு, அதனுடன் வந்து மேசைமேல் இருந்த கருவி வழியாகப் பேசியது.

"முன்சிறுகுடலில் புண்கள் இருக்கின்றன, பாதை சுருங்கியிருக்கிறது. இது கிரோன் நோய், குடலில் நீடிக்கும் ஒருவகை அழற்சி. பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியில் வரும். உங்களுக்கு மேலே வந்திருக்கிறது. மருந்து உண்டு. கூடவே சில வாரம் திரவ உணவு மட்டும் எடுங்கள்."

அமலன் தயங்கிக் கேட்டான். "அப்ப என் குழம்பால இல்லையா?"

"இல்லை," என்றது கருவி.

ரோஸ்லின் அவனைப் பார்த்தாள். "இதையா இத்தன நாளா மனசுல வச்சிருந்தீங்க?"

மதியம் அவன் அவளுக்குச் சத்துப்பால் கலக்கிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட அடுப்படிக்குத் திரும்பினான்.

"தட்ட இங்க கொண்டாங்க," என்றாள். "நீங்க சாப்பிடறதயாவது பாக்கேன்."

எதிரில் உட்கார்ந்து முதல் வாய் மீன்குழம்புச் சோற்றை விழுங்க முடியாமல் அவன் திணறினான். அவள் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.