சுவரில் எழுத்து

“மைமூன், அந்தச் சுவரைப் பாரு. என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மைமூன் தலையைத் தூக்கித் தொலைக்காட்சியைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சுவர். அதன் முன்னால் கவசம் போட்ட நான்கைந்து பேர் ஓடினார்கள்.

“வெறும் சுவர்தானேங்க.”

“நல்லாப் பாருலா. கைதி ஒருத்தன் நகத்தால பேரைக் கீறி வச்சிருக்கான். நாப்பது வருஷமா பாக்குற படம், இப்பத்தான் கண்ணுல படுது. 4கேன்னா சும்மாவா?”

ஜமால் முகம்மதுவுக்கு அந்த ஆங்கிலப் படத்தின் மேல் பைத்தியம். நிலாவிலுள்ள சிறையை உடைத்துக்கொண்டு தப்பிப்பவர்களின் கதை. தேக்கா கடைத்தெருவில் வாங்கிய டிவிடி, பிறகு புளூரே, இந்த வாரம் தபாலில் வந்த, எல்லாவற்றையும்விடத் தெளிவான 4கே டிஸ்க். ஒரே காட்சியை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் எது கூடுதலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மைமூனுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. எல்லாம் பழைய படம். எல்லாம் ஒரே புகைமூட்டம்.

ஆனால் அந்தச் சுவர் அவளை விடவில்லை.

அவளைப் பெற்ற அத்தாவுக்குச் சர்க்கரையால் கண் போனது. போவதற்கு முந்தைய மாதங்களில், ஒன்றுமில்லாத சுவரைக் காட்டி, “பூ போட்டிருக்காங்க பாரு, எவ்வளவு அழகா இருக்கு” என்பார். கண் விட்ட இடத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். ஜமாலுக்கும் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. அவர் பஸ் ஓட்டுநர். போன செவ்வாய்க்கிழமை ஆங் மோ கியோவில் திடீரென்று பிரேக் போட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். “ஒரு அங்கிள் குறுக்க ஓடி வந்துட்டாரு.”

அந்த அங்கிள் ஓடித்தான் வந்தாரா, அல்லது அங்கேயே நின்றுகொண்டிருந்தாரா?

அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் போடும்போது விரல்களைக் கவனித்தாள். சாலையைக் கடக்கும்போது அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போனார்கள். கேட்டுவிடலாம். கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால்?

குவீன்ஸ்டவுனில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“யும்னா, அத்தாவோட பழைய டிவிடில, சுவத்துல கீறின பொடி எழுத்தெல்லாம் தெரியுமாம்மா?”

“சான்ஸே இல்ல. அதுல மூக்கு முழியே மங்கலாத்தான் இருக்கும். ஏம்மா, அத்தா உங்களையும் படம் பாக்க உக்கார வச்சிட்டாரா?”

“சும்மாதான் கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஜமால் அறைக்குள் அஸர் தொழுதுகொண்டிருந்தபோது, அவள் கூடத்தில் முழங்காலிட்டு டிவிடி பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே இருந்ததை அவசரமாகக் கருவிக்குள் தள்ளிவிட்டு, பெட்டியைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினாள். மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இந்த டிவிடியில் எழுத்து தெரியவில்லை என்று அவர் சொன்னால், கண் நல்ல கண். தெரிகிறது என்றால், நாளைக் காலை அவர் வண்டியை எடுப்பதற்குள் டிப்போ சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ஜமால் தொப்பியை மடித்தபடி வந்தார். “என்ன, நீயே படம் போட்டிருக்க? இன்னைக்கு மழதான்.”

“4கே போட்டிருக்கேன். அந்தச் சுவர் வர்ற இடத்தக் காட்டுங்க.”

அவர் உற்சாகமாக உட்கார்ந்து காட்சியைத் தேடி நிறுத்தினார். திரை முழுக்கச் சாம்பல் நிறம். மைமூன் அவர் வாயையே பார்த்தாள். தெரியலன்னு சொல்லுங்க. அல்லாவுக்காகத் தெரியலன்னு சொல்லுங்க.

“இதோ. நாலு எழுத்து. பக்கத்துல ஒரு சின்னப் பிறை கூட வரைஞ்சிருக்கான் பாரு.”

மைமூன் அவர் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு நீங்க பஸ் எடுக்கக் கூடாது.”

“என்ன சொல்ற?”

“உங்களுக்குக் கண்ணு போகுதுங்க. எங்க அத்தாவுக்கு வந்த மாதிரியேதான் ஆரம்பிச்சிருக்கு. அங்க எழுத்தும் இல்ல, பிறையும் இல்ல. வெறும் சுவர்தான் இருக்கு.” அழுகை முட்டியது. “இது 4கே இல்ல. உங்களச் சோதிக்கத்தான் பழைய டிவிடிய மாத்திப் போட்டேன். என்ன மன்னிச்சிருங்க.”

ஜமால் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

“எந்தப் பெட்டிலேர்ந்து எடுத்த?”

“டிவிடி பெட்டிலேர்ந்துதான்.” மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“டிவிடிய மட்டும் வெள்ளிக்கிழமையே கூட வேலை பாக்குற அஸ்மத்துக்குக் குடுத்துட்டேன், மைமூன். 4கே பெட்டி தபால்ல வரும்போதே உடைஞ்சிருந்துச்சு. அந்த டிஸ்க்கத்தான் இதுல வச்சிருந்தேன்.”

அவர் பொத்தானை அழுத்தினார். டிஸ்க் வெளியே வந்தது. படித்துப் பார் என்று அவளிடம் நீட்டப் போனவர், நீட்டாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

“எத்தன நாளா உனக்கு இப்படி மங்கலாத் தெரியுது?”