அண்ணாந்து பார்த்த பதினோரு பேர்

லாரி கிளம்பியதிலிருந்து சிக்னல்காரன் வாயை மூடவில்லை.

"ஒண்ணுக்கு ஜீரோ. ஒரே ஒரு கோல். இதெல்லாம் ஒரு தோல்வியாடா? விசிலடிச்சுக் கெடுத்துட்டானுங்க!"

லாரியின் பின்பக்கம், காலி சிமென்ட் சாக்குகளின் மேல், கட்டட வேலைக்காரர்களின் கால்பந்து அணி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

சிக்னல்காரன் ஆடுகிறவன் இல்லை. கூடவே போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவன். வெளியூர் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த லாரியில் ஏறுவதற்காகத்தான் வாரத்தின் மற்ற நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான்.

வேலையிடத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுவது அவன் பொறுப்பு. கையை அசைத்தால் கிரேன் தூக்கும், இறக்கும். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான் என்றால், தலைக்கு மேல் சுமை ஆடுகிறது என்று அர்த்தம். யார் எங்கே இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். நின்று, மேலே பார்க்க வேண்டும்.

இன்று மைதானத்தில் கேட்டது அந்த விசில்தான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கிருந்தோ நீளமாக ஒன்று வந்தது. அவ்வளவுதான், பதினோரு பேரும் ஆணியடித்தமாதிரி நின்றுவிட்டார்கள்.

கம்பி கட்டுகிறவன் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. கொத்தனார் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். கோல் காக்க நின்ற சிக்னல்காரனின் மைத்துனன் ஓரமாக ஒதுங்கி, அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

வானத்தில் ஒரு காக்கை போனது.

எதிரணிக்காரன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறமாதிரி, பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோய் வலைக்குள் விட்டுவிட்டு வந்தான்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கோல் ஆயிடுச்சேடா!" என்று சிக்னல்காரன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"விடுண்ணே. வெளையாட்டுன்னா அப்படித்தான்," என்றான் கம்பி கட்டுகிறவன்.

"நீ பேசாத. கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னுட்டு! ஒரு கோல் போட வக்கில்ல, ஞாயம் பேச வந்துட்டான்."

கம்பி கட்டுகிறவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். கொத்தனார் அவன் தொடையைக் கிள்ளினார். மூடிக்கொண்டான்.

சிக்னல்காரனின் மூளை விசிலைச் சுற்றியே ஓடியது. யாராக இருக்கும்? கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப்போன பெயிண்டரா? நம் சங்கதியெல்லாம் தெரிந்தவன்தான். ஆனால் அவனுக்கு முன்பல் கிடையாது. ஊதினால் டீ ஆற்றலாம், விசில் வராது. எதிரணியின் ஆள் எவனாவது நம் கட்டடத்துக்கு வெளியே நின்று வேவு பார்த்திருப்பானோ? இருக்கும். செய்யக்கூடியவன்கள்தான்.

ஆனால் ஒன்று. சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான விசில். பிசிறே இல்லை. தொழில் தெரிந்தவன் அடித்தது. அதுதான் அவன் வயிற்றை இன்னும் எரித்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவனாக, ஆடுகிற லாரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எல்லாரும் எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. அவன் யாருன்னு கண்டுபிடிக்கத்தான் போறேன். என் கூடப் பொறந்தவனாவே இருந்தாலும் சரி, இனிமே அவன் நம்ம லாரிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. ஒரு ஆட்டத்துக்கும் அவனக் கூட்டிட்டுப் போகக் கூடாது."

உள்ளங்கையை நீட்டினான்.

யாரும் அதில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. ஒருவன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். கொத்தனார் தார்ப்பாயில் ஓட்டை தேடினார்.

"என்னங்கடா? ரோசமே இல்லையா உங்களுக்கு?"

மைத்துனன்தான் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நாம போட்ட கோல் எப்படி இருந்துச்சு?"

"நாம எங்கடா கோல் போட்டோம்?"

மைத்துனன் சாக்கின் மேல் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தான்.

"ரெண்டுக்கு ஒண்ணு, மாமா." காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னான். "இடைவேளை முடிஞ்சதும் அவனுங்க ஒண்ணு போட்டானுங்க. அப்புறம் நம்ம கம்பிக்காரரு தலையால முட்டி ஒண்ணு போட்டாரு. மைதானமே எழுந்து நின்னுச்சு. நீங்க வெளக்குக் கம்பத்துல சாஞ்சிருந்தீங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது.

தூக்கத்தில் விசிலடிப்பதாக மனைவி சொல்லும்போதெல்லாம் அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். அவளும் பழைய சித்தாள். சத்தம் கேட்டதும் என்னால் அசைய முடியவில்லை, கூரையைப் பார்த்தபடியே கிடக்கிறேன் என்று புலம்புவாள். எல்லாம் பொய் என்று நினைத்திருந்தான்.

மெதுவாகச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். லாரி ஒரு பாலம் ஏறி இறங்கியது.

"பாவம்டா," என்றான் பிறகு, யாரையும் பார்க்காமல். "விடிய விடிய கான்கிரீட் போட்டுட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம, நேரா ஆட்டம் பாக்க வந்தவனா இருக்கும். போனாப் போகுது. இந்த ஒரு தடவ மன்னிச்சு ஏத்திக்குவோம்."