காளான் மேல் கை வைக்காதே!

"அத்தான், புல்வெளி பூரா காளான்! நடுவர் வர்றதுக்குள்ள பிடுங்கிடறேன்" என்று, அக்கா வீட்டுக்கு முதல்முறையாக வந்திருந்த மச்சினன் வாசலில் இறங்கினான்.

"ஒண்ணுல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

"தோட்டப் போட்டில மூணு வருஷமா எதிர்வீட்டுக்காரர்தான் கோப்பையை அள்ளறாராம். இந்தத் தடவையும் கோட்டை விடணுமா? அக்கா, நீயாவது சொல்லேன்!"

"உங்க அத்தான் சொன்னா சொன்னதுதான்டா."

அக்கா தன் புருஷன் பேச்சைக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

நடுவர் வந்தார். 'புல்லில் கால் வைக்காதீர்கள்' என்ற பலகைக்கு மரியாதை கொடுத்து, கேட்டுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். காளான்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மன்னிக்கணும் சார். ஒரு களை கிடையாது, ஒரு பழுப்பு கிடையாது. இது பிளாஸ்டிக்கோன்னு சந்தேகப்பட்டு மூணு வருஷமா மார்க்கைக் குறைச்சுட்டேன். காளானே முளைக்குதுன்னா அசல் புல்தான். பிடிங்க முதல் பரிசு!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

நடுவரின் வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா பல் தெரியச் சிரித்தபடி கையாட்டினாள். பிறகு கோப்பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பார்க்ல பறிச்சு, ஒவ்வொண்ணா பசை தடவி ஒட்டினது யாரு?"

"நீதான் தாயே!" அத்தான் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"அந்த பயம் இருக்கட்டும். டேய் தம்பி, அந்த முனையைப் பிடி. தூசி தட்டி ஒரு மாசம் ஆச்சு."

மூவரும் புல்வெளியைப் பாய்போலச் சுருட்டினார்கள்.